எருமைகளுக்குக் காவல் நின்றவன்

கேள்வி: வெட்சிப் பூச் சூடி ஆநிரை கவர்ந்த வீரர்கள் முதல் இன்றைய கபடி ரெய்டர்கள் வரை, எதிரியின் எல்லைக்குள் புகுந்து திரும்புவதுதானே தமிழனின் துணிச்சலுக்கு அடையாளம்? வரலாறு, போர், விளையாட்டு மூன்றிலும் ரெய்டின் பங்கைப் பள்ளிப் பாடமாகவே வைத்தால் என்ன?

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால் ‘துணிச்சல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் உரசிப் பார்த்துவிட்டு வைப்போம்.

முதலில், இது தமிழனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்து இல்லை. அயர்லாந்தின் பழைய வீரகாவியமே ஒரு காளையைக் கவர நடந்த படையெடுப்பின் கதைதான். அரேபியப் பாலையில் பதூயின் குடிகள் ஒருவர் ஒட்டகத்தை ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார்கள். வட அமெரிக்கப் புல்வெளிகளின் பூர்வகுடிகள் குதிரைகளைக் கவர்ந்தார்கள். எதிரியைக் கொல்வதைவிட, உயிரோடு நிற்கிறவனைக் கையாலோ கோலாலோ தொட்டுவிட்டு அடிபடாமல் திரும்புவதுதான் அவர்களிடம் பெரிய பெருமை. கபடி பார்க்கிற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் மாடு, ஒட்டகம், குதிரை என்றே இருப்பதற்குக் காரணமும் எளிது. அவை தம் காலால் நடந்து வரும் செல்வம். தானிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு துரத்துகிறவனிடமிருந்து தப்பி ஓட முடியாது.

சரி, வெட்சிக்கு வருவோம். தொல்காப்பியம் வெட்சித் திணைக்கு 14 துறைகள் சொல்கிறது. வரிசையாகப் படித்தால் ஒரு முழு ரெய்டும் கண்முன் நடக்கும். படை கிளம்பும் ஓசை, ஊர்ப்பக்கத்தில் நின்று நற்சொல் கேட்பது, யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர்வது, ஒற்றன் கொண்டுவரும் தகவல், ஊரைச் சுற்றி வளைப்பது. அப்புறம் ஊர்கொலை, மாடுகளைக் கவரும் ஆகோள், துரத்தி வருபவர்களை முறியடிக்கும் பூசல் மாற்று. கடைசியில் பங்கு பிரித்தல், குடித்துக் கொண்டாடுதல், கொடை. நடுவில் ‘நோயின்று உய்த்தல்’ என்று ஒரு துறை வருகிறது. கவர்ந்த மாடுகளை வருத்தாமல் ஓட்டி வருவது என்று பொருள். நம் முன்னோரின் கருணைக்கு இதைச் சான்றாக மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மேடைகளில் ஒருவரும் அதற்கு மூன்று துறை முன்னால் இருப்பதைப் படிப்பதில்லை. அங்கே இருப்பது ‘முற்றிய ஊர்கொலை’. வளைத்த ஊரில் இருப்பவர்களைக் கொல்வது. மாட்டுக்கு நோகக் கூடாது, மாட்டுக்காரன் செத்தால் பரவாயில்லை. இதையும் சேர்த்துத்தான் பாடமாக வைக்க வேண்டும்.

வேவு பார்த்து, சத்தமில்லாமல் வளைத்து, எதிர்பாராத நேரத்தில் பாய்வதற்குத் துணிச்சல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திட்டமும் இல்லாமல் துணையும் இல்லாமல், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தன் மாட்டின் பின்னால் ஓடினானே ஒருவன், அவனுடைய துணிச்சலை எந்தக் கணக்கில் எழுதுவது?

அவனுக்கும் கல் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல். கருந்தேவகத்தி என்பவன் தன் ‘எருமைப்புறத்தே வாடிப் பட்டான்’ என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். எருமைகளைக் காக்க நின்று உயிரை விட்டிருக்கிறான். கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காத்திருந்தது என்று நாய்க்கும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. கவர வந்தவர்களை அந்தக் கல் ‘கள்ளர்’ என்றுதான் சொல்கிறது. பறிகொடுக்க இருந்தவர்கள் எழுதிய வரி அது.

போருக்கு வந்தாலும் இதே கதைதான். 1942 ஏப்ரல் 18 அன்று டூலிட்டில் தலைமையில் 16 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ‘ஹார்னெட்’ விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி டோக்கியோ உள்ளிட்ட நகரங்களைத் தாக்கின. போனவர்கள் 80 பேர். ஜப்பானுக்கு நேர்ந்த சேதம் குறைவு. ஆனால் பேர்ல் ஹார்பரில் அடி வாங்கியிருந்த அமெரிக்கர்களுக்கு அது பெரிய தெம்பு. அந்தக் கப்பலுக்குத் திரும்பி வந்து இறங்க முடியாது என்று தெரிந்தேதான் விமானிகள் கிளம்பினார்கள். ஆகவே அவர்கள் துணிச்சலில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு விமானம் சோவியத் மண்ணில் இறங்கியது. மற்ற 15-ம் சீனப் பக்கம் போய்த் தரையிலும் கடலோரத்திலும் விழுந்தன. பிழைத்தவர்களில் பெரும்பாலோரைச் சீனக் கிராமத்தார் ஒளித்து வைத்து, சோறு போட்டு, கைமாற்றிக் கைமாற்றிப் பத்திரமாக அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பழி தீர்க்க ஜப்பானியப் படை செஜியாங், ஜியாங்சி மாகாணங்களில் இறங்கியது. கொல்லப்பட்டவர்கள் சுமார் 2,50,000 பேர் என்பது சீனத் தரப்புக் கணக்கு. ரெய்டுக்குப் போன 80 பேரைப் பற்றிப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. சோறு போட்டவர்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இனி என் பழைய சண்டை. கடாரத்தைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் திட்டிக் கடிதம் வருகிறது. இப்போதும் வரட்டும். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் இன்றைய மலேசியா, இந்தோனேசியப் பக்கம் இருந்த, கடாரமும் அடங்கிய ஸ்ரீவிஜய அரசின் மீது நடத்தியது ஒரு மாபெரும் கடல்வழி ரெய்டு. நானாகச் சொல்லவில்லை, கல்வெட்டில் அவர் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியை நிதானமாகப் படியுங்கள். அலைகடல் நடுவே பல கலம் செலுத்தியது, கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்தது, அவன் குவித்து வைத்திருந்த பெருநிதியை எடுத்தது, நகர வாசலில் இருந்த வித்தியாதர தோரணம் என்ற அலங்கார வளைவை எடுத்துக்கொண்டது என்று வெளிப்படையாகவே பட்டியல் போடுகிறது. அங்கே நிலையான சோழ ஆட்சி ஏற்படவில்லை. பருவக்காற்றைக் கணக்கிட்டு அத்தனை படையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்த் திரும்பியது அசாத்தியமான திறமைதான், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் 1311-இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் மதுரைவரை வந்து யானைகளையும் பொன்னையும் வாரிக்கொண்டு தில்லி திரும்பியதைச் சொல்லும்போது மட்டும் நமக்குக் ‘கொள்ளை’ என்று எழுத வருகிறது. நம் ஆள் போனால் வெற்றி, அடுத்தவன் வந்தால் கொள்ளையா? தோரணத்தைப் பறிகொடுத்த நகரத்திலும் மனிதர்கள் இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடுங்கள், நான் கையைத் தட்டுகிறேன்.

அப்படியானால் ரெய்டில் நேர்மையே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, கபடியில் உண்டு. ஏழு பேர் காத்திருக்கும் களத்துக்குள் ஒருவன் மட்டும் தனியாகப் போகிறான். ஒளிந்து போக முடியாது, ‘கபடி கபடி’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் போக வேண்டும். 30 விநாடிக்குள் முடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அவன் திரும்பியதும் எதிரணிக்கு முறை. வெளியே போனவனும் தன் அணி ஒரு புள்ளி எடுத்ததும் உயிர் பெற்று உள்ளே வருகிறான். வரலாற்றில் நடந்த ரெய்டுகளில் இல்லாத நியாயம் அத்தனையும் இதில் இருக்கிறது. அதனால்தான் எனக்கு இந்த ஆட்டம் உயிர்.

அதிலும் ஒரு குறை. புகழும் போஸ்டரும் ரெய்டருக்கே போகின்றன. பிடிக்கிறவர்களைக் கவனியுங்கள். கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்ட ரெய்டர் ஒரு காலை நீட்டி இன்னொரு காலைக் காற்றில் தூக்கும் அந்த நொடிக்காகக் களத்தின் ஓரத்தில், கார்னரில் நிற்பவர் குனிந்தே காத்திருப்பார். கணுக்காலில் கை விழுந்துவிட்டால் பக்கத்தில் சங்கிலியாகக் கைகோத்து நிற்கும் இருவர் பாய்ந்து மேலே விழ வேண்டும். ஒரு விநாடி தாமதித்தாலும் ரெய்டர் கை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார், பிடித்த அத்தனை பேரும் அவுட்.

1990 முதல் 2014 வரை ஏழு ஆசியப் போட்டிகளிலும் தங்கம் வாங்கிய இந்திய ஆண்கள் அணி, 2018 ஜகார்த்தா அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. நாடே அறிந்த ரெய்டர்கள் நம் பக்கம் இருந்தார்கள். ரெய்டைப் பாடமாக வைக்கிறவர்கள் அந்த ஆட்டத்தின் வீடியோவை வகுப்பில் ஒருமுறை போடட்டும். ரெய்டரை விட்டுவிட்டு, இடது கார்னரில் நின்ற ஈரானின் ஃபசல் அத்ராச்சலியின் கைகளைப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லட்டும்.