டூ பிளெசி: தென்னாப்பிரிக்காக்காரருக்கு எப்படி பிரெஞ்சு பேரு வந்துச்சு?

நம்ம சிஎஸ்கே-ல ஆடின ஃபாப் டூ பிளெசி பேரு சுத்தமான பிரெஞ்சு குடும்பப் பேருதாங்க. பிளெசின்னா பழைய பிரெஞ்சுல கிளைகளைப் பின்னிக் கட்டின வேலி, அப்படி வேலி போட்ட இடம். பிரான்ஸ்ல இந்தப் பேர்ல ஏகப்பட்ட ஊர் இருக்கு, அந்த ஊர்க்காரங்கதான் டூ பிளெசி.

1685-ல பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி புராட்டஸ்டன்ட் மதத்தையே தடை பண்ணிட்டாரு, அதனால ஹியூகனாட்னு சொல்ற அந்த மக்கள் உயிருக்குப் பயந்து ஓடினாங்க, அதுல ஒரு பகுதி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்ல தென்னாப்பிரிக்காவோட கேப் பக்கம் போய் இறங்குச்சு. 1688-ல ஊஸ்டர்லாந்துங்கிற கப்பல்ல வந்தவர்தான் ஜான் பிரியர் டூ பிளெசி, அறுவை வைத்தியர். அங்க இருக்கிற டூ பிளெசி குடும்பங்களுக்கு இவரைத்தான் மூதாதைன்னு சொல்றாங்க. ரக்பி ஆடின ஜானி டூ பிளெசியும் டாக்டர்தான், எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருத்தம் இது!

வந்தவங்க மொத்தமே சுமார் 200 பேர்தான், ஆனா அவங்களைத் தனியா ஒரே இடத்துல விடாம டச்சுக்காரங்களோட கலந்து குடியேத்தி, பள்ளிக்கூடம் எல்லாம் டச்சுலன்னு ஆக்கினதுல, ரெண்டு மூணு தலைமுறைல பிரெஞ்சு பேச்சே போச்சு. பேரு மட்டும் நின்னுச்சு, பெரிய குடும்பங்களா பெருகிப் பெருகி இன்னிக்கு டச்சுலேர்ந்து வந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுறவங்க நடுவுல சர்வசாதாரணமான பேரு. டி வில்லியர்ஸ், டூ டாய்ட், லே ரூ, ஆஸ்திரேலியாவுக்கு ஆடுற லபுஷேன் எல்லாமே இதே வழிதான்.

17-ம் நூற்றாண்டு பிரெஞ்சு மந்திரி ரிஷெலியோவோட குடும்பப் பேரும் டூ பிளெசிதான், ஆனா பேரை மட்டும் வச்சு ஃபாப்புக்கு அவர் சொந்தம்னு சொல்றதை நம்பாதீங்க.