அக்காள் மகன் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கக் கார்டு எண் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: என் அக்காள் மகன் மெல்பர்னில் ஓர் உள்ளூர் கிளப்புக்காக உள்ளரங்கு கிரிக்கெட் தொடரில் ஆடுகிறான். கடைசி லீக் ஆட்டத்தில் 92க்கு 87 என்று தோற்றார்கள். அவன் எடுத்தது மைனஸ் 4 என்கிறான். ஆனாலும் அரையிறுதிக்குப் போய்விட்டார்களாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரையிறுதி அக்டோபர் முதல் ஞாயிறு இரவு 8 மணிக்கு. அதை நேரலையில் காட்டுவதாக முகநூலில் ஓர் இணைப்பு வந்தது. இலவசம்தான், சரிபார்ப்புக்கு மட்டும் கார்டு எண் வேண்டுமாம். கொடுக்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், மேற்கொண்டு படிப்பதற்கு முன் வங்கியை அழைத்து அந்தக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். மெல்பர்ன் புறநகர் மையங்களில் பல ஆண்டுகள் இந்த ஆட்டத்துக்கு நடுவராக நின்றவன் நான். அங்கே பக்கங்களிலும் மேலேயும் வலை கட்டிய களத்துக்குள் நடக்கும் கிளப் ஆட்டத்தை யாராவது காட்டினால், அவர் பெரும்பாலும் கிளப்பைச் சேர்ந்தவராகவே இருப்பார். கைபேசியை ஒரு முக்காலியில் பொருத்தி, வலைக்கு வெளியே வைத்து, கிளப்பின் பக்கத்திலேயே காட்டுவார். அதைப் பார்க்க எவரும் கார்டு எண் கேட்பதில்லை.

முதலில் அந்த மைனஸ் 4ஐப் பார்ப்போம். உள்ளரங்கு ஆட்டத்தில் அணிக்கு 8 பேர், 16 ஓவர். இருவர் இருவராக 4 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் 4 ஓவர் ஆடியே தீர வேண்டும். அவுட் ஆனவர் வெளியேறுவதில்லை. அவர் கணக்கிலிருந்து 5 ஓட்டங்கள் கழிக்கப்படும், அவர் தொடர்ந்து ஆடுவார். உங்கள் அக்காள் மகன் 11 ஓட்டங்கள் எடுத்து மூன்று முறை அவுட் ஆகியிருந்தால், 11இலிருந்து 15 போக மைனஸ் 4. அவன் உங்களிடம் பொய் சொல்லவில்லை.

தோற்றும் முன்னேறியதற்குக் காரணம் ஜோடிக் கணக்கு. நம் முதல் ஜோடியின் ஓட்டங்களை எதிரணியின் முதல் ஜோடியுடனும், இரண்டாவதை இரண்டாவதுடனும் ஒப்பிடுவார்கள். இப்படி ஜோடிக்கு ஜோடி நடக்கும் போட்டியை அங்கே ‘ஸ்கின்’ என்பார்கள். லீக் சுற்றில் வழக்கமாக வெற்றிக்கு 3 புள்ளிகள், வென்ற ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் 1 புள்ளி. உதாரணமாக, நம் ஜோடிகள் 31, 26, 24, 6 எடுத்து, எதிரணி ஜோடிகள் 22, 19, 18, 33 எடுத்திருந்தால் மொத்தம் 87க்கு 92, தோல்வி. ஆனால் முதல் மூன்று ஜோடிகள் வென்றதால் நமக்கு 3 புள்ளிகள், வென்ற அணிக்கோ 4தான். கடைசி ஜோடி ஒன்று சறுக்கியதால் ஆட்டம் போயிற்றே தவிர, பட்டியலில் இடம் போகவில்லை. அரையிறுதியில் இந்த ஆறுதல் கிடையாது. மொத்த ஓட்டம் அதிகம் எடுத்த அணியே இறுதிக்குப் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காணொளி பார்க்கும் எல்லோரும் தடுமாறும் இடம் இது. பந்து பக்க வலையிலோ மேல் வலையிலோ பட்டுத் தரையைத் தொடாமல் தெறித்து வரும்போது பிடித்தாலும் அவுட்தான். பந்துவீச்சாளருக்குப் பின்னால் இருக்கும் வலை மட்டும் விதிவிலக்கு. அந்த வலையில் பந்து நேராக, தரையிலும் வேறு வலையிலும் படாமல், மோதினால் அது சிக்ஸர். அங்கிருந்து தெறித்ததை எவ்வளவு அழகாகப் பிடித்தாலும் அவுட் இல்லை. அதே பந்து முதலில் பக்க வலையை உரசிவிட்டுப் பின்வலைக்குப் போயிருந்தால் அது சிக்ஸர் அல்ல, ஆகவே பிடித்தால் அவுட். அந்த உரசல் வலையின் சிறு அசைவாகத்தான் தெரியும், அதுவும் அருகில் நிற்பவருக்கு மட்டும். கைபேசிப் படத்தைப் பார்த்து நடுவரைத் திட்டாதீர்கள்.

இனி அந்த இணைப்பைப் பற்றி. ஆள் குறைவாகப் பார்க்கும் ஆட்டங்களைத்தான் இந்த மோசடிக்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏனென்றால் அவற்றைத் தேடி வருபவர்கள் எல்லோரும் ஆடுபவனின் தாயும் தந்தையும் மாமனும் பாட்டியும்தான். பாசத்தில் வருபவர் கேள்வி கேட்கமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. கிளப்பின் உண்மையான பக்கத்திலிருந்து சின்னத்தை எடுத்து ஒரு போலிப் பக்கம் தொடங்குவார்கள், அல்லது உண்மையான பதிவின் கீழேயே கருத்துப் பகுதியில் இணைப்பைப் போடுவார்கள். எனக்கு ஒருவர் அனுப்பிய பதிவில் அணியின் பெயரிலேயே எழுத்துப் பிழை இருந்தது, ஆட்ட நேரம் எந்த ஊர் நேரம் என்றே குறிப்பிடவில்லை, கீழே நீல நிறத்தில் ‘இங்கே பார்க்க’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் ஆட்டம் தொடங்குவது போல ஒரு சக்கரம் சுழலும், பிறகு பெயர், மின்னஞ்சல், கார்டு எண், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கேட்கும். ஆட்டம் கடைசிவரை வராது. மாதந்தோறும் வெளிநாட்டு நாணயத்தில் ஒரு தொகை போய்க்கொண்டே இருக்கும்.

‘ஓடிபி வந்தால்தானே பணம் போகும்’ என்று நம் ஊரில் பலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை இந்தியத் தளங்களுக்குச் சரி. வெளிநாட்டு வணிகத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலேயே பணம் போய்விடும். ஆகவே உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, கார்டுக்கான பகுதியில் ‘சர்வதேசப் பரிவர்த்தனை’ என்பதை அணைத்து வையுங்கள். அந்த வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்பது 2020இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொன்ன கையோடு 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யுங்கள். வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைத்து நாள் கடத்துவதுதான் மோசடிக்காரனுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

இதில் எனக்குக் கோபம் மோசடிக்காரர்கள் மீது மட்டுமல்ல. இந்த ஆட்டத்துக்கு உலகக் கோப்பை 1995 முதலே நடக்கிறது, 2004இல் கொழும்பில்கூட நடந்தது. இருந்தும் கிளப் அளவில் ‘இந்த ஆட்டம் நேரலையில் உண்டு, இல்லை’ என்று ஒரு வரி எழுதி வைக்க ஆளில்லை. ஒவ்வொரு மையமும் தன் இஷ்டத்துக்கு ஒரு தளம் வைத்திருக்கிறது. புள்ளிப் பட்டியல் சில நாள் கழித்து மாறும், ஜோடிவாரிக் கணக்கு ஏறாமலே போகும். நான் நடுவராக இருந்த ஒரு மையத்தில் இறுதி ஆட்டத்தின் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிட்டு, அதை வாசல் கண்ணாடிக் கதவில் ஒட்டிய ஒரு தாளில் மட்டும் அறிவித்தார்கள். ஓர் அணி வந்து சேர்ந்தபோது எதிரணி கோப்பையோடு நின்றுகொண்டிருந்தது. அவர்கள் விட்டுவைத்த இந்த வெற்றிடத்தில்தான் போலி இணைப்புகள் முளைக்கின்றன.

ஆகவே தளங்களை நம்பாமல் அக்காள் மகனையே கேளுங்கள். நேரலை இருந்தால் இணைப்பை அவனே உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பட்டும். இல்லையென்றால், ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் நான்கு ஜோடிகளின் கூட்டல் மட்டும் பார்த்தால் போதும், ஆட்டம் எங்கே திரும்பியது என்று உங்களுக்கே தெரியும்.

நேரத்தில் மட்டும் கவனம். மெல்பர்னில் அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதற்கு முந்தைய வாரம் வரை அங்கே இரவு 8 என்றால் உங்களுக்குப் பிற்பகல் 3.30, அரையிறுதியன்று அது 2.30.