மருந்துத் தீவனத்துக்குப் பிறகும் சால்மன் இறப்பு நிற்கவில்லை என்றால்

கடல் கூண்டில் வளரும் சால்மனுக்குப் பிசிரிக்கெட்சியா என்னும் பாக்டீரியா நோய் என ஐயுற்று, ஃபுளோர்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மருந்தின் இரண்டாம் சுற்றை இப்போது தொடங்காதீர்கள். பத்து நாள் மருந்துத் தீவனம் முடிந்தும் கூண்டில் இறப்பு தொடர்கிறது என்பது மட்டுமே அதற்குப் போதிய காரணமாகாது.

நோயுற்ற மீன் முதலில் கைவிடுவது தீவனத்தைத்தான். ஆகவே மருந்தை நலமான மீன்கள் உண்டுவிட, தேவைப்பட்டவற்றின் உடலில் போதிய அளவு சேராமல் போயிருக்கலாம். நீங்கள் ஐயுறும் பிசிரிக்கெட்சியா கிருமி உயிரணுக்களுக்குள்ளேயே வாழ்வதால், குறைந்த அளவு மருந்து அதை ஒழிக்காமல் எதிர்ப்புத்திறன் பெறவே வழிவிடும்.

1. அந்தப் பத்து நாட்களில் உண்மையில் உண்ணப்பட்ட தீவனத்தின் அளவைப் பதிவேட்டில் பாருங்கள்.

2. இறந்தவற்றை விட்டு, தனித்து மெல்ல நீந்தும் நோயுற்ற மீன்கள் சிலவற்றின் சிறுநீரக மாதிரியை மீன்நல மருத்துவர் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என இரண்டையும் கேளுங்கள். பிசிரிக்கெட்சியா, ஆய்வகத்தில் கிருமிகளை வளர்க்கும் வழக்கமான ஊடகத்தில் வளராது; எனவே உங்கள் ஐயத்தை முன்கூட்டியே தெரிவிப்பது மிக அவசியம்.

அதுவரை இறந்த மீன்களை நாள்தோறும் அகற்றுங்கள். கடல்பேன் (மீனின் தோலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணி) எண்ணிக்கையையும் நீரின் ஆக்சிஜன் அளவையும் கவனியுங்கள்.

நார்வேயில் 1980களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 டன்னை எட்டிய ஆன்டிபயாடிக் பயன்பாடு, நல்ல தடுப்பூசிகள் வந்தபின், உற்பத்தி பன்மடங்கு பெருகியும், ஒரு டன்னுக்கும் கீழே இறங்கியது. ஆனால் பிசிரிக்கெட்சியா தடுப்பூசிகள் அவ்வளவு நீடித்த பாதுகாப்பைத் தருவதில்லை என்பது சிலியின் அனுபவம். அடுத்த தொகுதிக்குத் தடுப்பூசியை மட்டும் நம்பாமல், கூண்டு நெருக்கத்தையும் குறைத்துத் திட்டமிடுங்கள்.

இறப்பு திடீரென ஏறினால் ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்கலாமா என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். மறுசிகிச்சை அளித்தால், குளிர்ந்த நீரில் மருந்து உடலைவிட்டு நீங்க அதிக நாட்கள் ஆகும் என்பதைக் கணக்கிட்டே அறுவடை நாளைக் குறியுங்கள்.