'எக்ஸ்பஞ்ச்' என்றால் அழிப்பதா, நீக்குவதா? – கேள்வி பதில்

சட்டமன்றச் செய்தியிலும் நீதிமன்றச் செய்தியிலும் அடிக்கடி அடிபடும் சொல் 'எக்ஸ்பஞ்ச்'. பதிவிலிருந்து ஒன்றை எடுத்துவிடுவதைக் குறிக்கும் இந்தச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (போட்டித் தேர்வு மாணவி, திருநெல்வேலி): சார், இதைத் தமிழில் ஒருவர் 'அழித்தல்' என்கிறார், ஒருவர் 'துடைத்தல்' என்கிறார், இன்னொருவர் 'நீக்குதல்' என்கிறார். எதை எழுதுவது?

'நீக்குதல்' என்றே எழுதும்மா. 'அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்' என்பது பத்திரிகைத் தமிழில் எப்போதோ நிலைத்துவிட்டது, பொருளும் சரி. லத்தீன் மூலத்தில் இதற்குக் குத்திக் குறிப்பது என்று பொருள். பட்டியலில் ஒரு பெயருக்குப் புள்ளி குத்தினால் அது கணக்கில் இல்லை என்று அர்த்தம். பழைய ஐரோப்பிய ஏடுகளில் தவறாக எழுதிவிட்ட எழுத்தின் அடியில் புள்ளி வைத்ததும் இதே முறைதான். எழுத்து அங்கேயே இருக்கும், படிப்பவர் அதைத் தள்ளிவிட்டுப் படிப்பார். 'ஸ்பாஞ்ச்' போல ஒலிப்பதால் துடைப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதன் வேர் வேறு.

கேள்வி (புதிய நிருபர், சென்னை): ஐயா, நாடாளுமன்றத்தில் இதை யார் செய்யலாம்? நீக்கிய இடத்தில் என்ன இருக்கும்?

அவையை நடத்துபவருக்குத்தான் அந்த அதிகாரம். மக்களவை விதி 380-ஐப் படித்துப் பாருங்கள். அவதூறான, அநாகரிகமான, நாடாளுமன்ற மரபுக்கு ஒவ்வாத, கண்ணியக் குறைவான சொற்கள் என்று சபாநாயகர் கருதினால் அவற்றை நீக்கச் சொல்லலாம். அடுத்த விதி 381-ஐ யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும், அவைத் தலைவரின் உத்தரவுப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பும் தர வேண்டும். மாநிலங்களவையில் இதே வேலையை விதி 261-உம் 262-உம் செய்கின்றன. இங்கே ஏதோ பேசப்பட்டது, அது எடுக்கப்பட்டது என்று 50 வருடம் கழித்துப் படிப்பவருக்கும் தெரிய வேண்டும். நட்சத்திரம் இல்லாமல் வாக்கியத்தை ஒட்டிவிட்டால் அது பதிவைத் திருத்துவது. அதை நான் குற்றம் என்றே சொல்வேன்.

கேள்வி (அதே நிருபர்): எதிர்க்கட்சிப் பேச்சை மட்டும்தான் நீக்குவார்களா?

இல்லை. 2024 ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தியின் பேச்சில் சில பகுதிகளை நீக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் 2018 ஆகஸ்டிலும் 2020 பிப்ரவரியிலும் மாநிலங்களவையில் பிரதமர் மோடியின் பேச்சிலிருந்தும் சொற்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பக்கம் அதிகம் வெட்டுப்படுகிறது என்ற விவாதம் நியாயமானது, தொடர்ந்து நடக்க வேண்டியதும்கூட.

கேள்வி (ஆசிரியர், தஞ்சாவூர்): தடை செய்யப்பட்ட சொற்களுக்குப் பட்டியல் உண்டாமே?

மக்களவைச் செயலகம் தொகுப்பு வெளியிடுகிறது. முன்பு எந்தெந்தச் சொற்கள் மரபுக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பானது என்பதன் தொகுப்பு அது. 2022 ஜூலையில் அதைப் பற்றிச் சர்ச்சை கிளம்பியபோது, எந்தச் சொல்லுக்கும் தடை இல்லை என்று சபாநாயகர் ஓம் பிர்லா விளக்கினார். அதற்கு முன்பு ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் 'கோட்சே' என்ற பெயரும் இருந்தது. அன்றைய நாசிக் தொகுதி மக்களவை உறுப்பினரின் பெயரே ஹேமந்த் கோட்சே! என் குடும்பப்பெயர் எப்படித் தகாத சொல்லாகும் என்று அவர் முறையிட்டார். 2015 ஏப்ரலில் சபாநாயகர் சுமித்ரா மகாஜன் அந்தக் குடும்பப்பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார். சொல்லை மட்டும் பார்த்து, யாரைப் பற்றி எந்த இடத்தில் சொன்னார்கள் என்று பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): 'எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது' என்று சபாநாயகர் சொல்வதும் இதுவும் ஒன்றா?

வேறு தம்பி. அனுமதி இல்லாமல் எழுந்து பேசினால் அந்தப் பேச்சு பதிவாவதே இல்லை. பதிவில் ஏறியதைப் பிறகு எடுப்பதுதான் நீக்கம். 2023 ஜனவரி 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஆளுநர் அச்சிட்ட உரையில் சில பகுதிகளை விட்டுப் படித்தபோது, அச்சிட்ட உரை மட்டுமே பதிவாக வேண்டும் என்று முதல்வர் தீர்மானம் கொண்டுவந்தாரே, அதுவும் நீக்கத்தோடு சேராது. எது பதிவாகலாம் என்பதை அவையே முடிவு செய்தது.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): ஐயா, எங்கள் பக்கம் இதற்கு என்ன சொல் வழக்கு?

உங்கள் நாடாளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் 'அக்கிராசனக் கட்டளைப்படி அகற்றப்பட்டுள்ளது' என்று, அதாவது அவைத் தலைவரின் உத்தரவுப்படி என்று அச்சாகும். 'அகற்றுதல்' எனக்கு மிகவும் பிடித்த சொல்.

கேள்வி (யூடியூப் சேனல் நடத்துபவர், கோவை): சார், நேரலையில் ஊரே பார்த்துவிட்டது. பிறகு நீக்கி என்ன பயன்? அந்தத் துண்டை நான் போடலாமா?

போடாதீர்கள். 1957 மே 30 அன்று பீகார் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் முதலமைச்சரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். சபாநாயகர் சில பகுதிகளை நீக்கச் சொன்னார். மறுநாள் பாட்னாவின் 'சர்ச்லைட்' பத்திரிகையில் நீக்கிய பகுதியும் சேர்ந்து முழுப் பேச்சும் வந்தது. ஆசிரியர் எம்.எஸ்.எம். சர்மாவுக்கு உரிமை மீறல் நோட்டீஸ் போனது. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1958 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. நீக்கிய பகுதி சட்டத்தின் பார்வையில் பேசப்படாததற்குச் சமமாகலாம் என்றது நீதிமன்றம். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். உறுப்பினர் அவைக்குள் பேசியதற்கு அரசியல் சட்டப் பிரிவு 105-உம் 194-உம் காவல். சபை நடவடிக்கையைப் பெருமளவு உண்மையாக வெளியிடும் ஊடகத்துக்கு 1978-இல் வந்த 361-ஏ காவல். 'பேசப்படாத' பேச்சை வெளியிடும் உங்களுக்கு அந்தக் காவலை நம்ப முடியாது. அவதூறு வழக்கு வரலாம், உரிமை மீறல் நோட்டீஸும் வரலாம். நேரலை யுகத்துக்கு ஏற்றபடி இந்த விதிகளை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. மாற்றும் வரை, நீக்கிய பகுதிகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு வீடியோவை ஏற்றுங்கள்.

கேள்வி (வரலாற்று மாணவி, புதுச்சேரி): ஒரு தீர்மானத்தையே நீக்கியதுண்டா?

உண்டு, அருமையான கதை அது. 1834-இல் அமெரிக்க செனட், வங்கி விவகாரத்தில் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அவருடைய ஆதரவாளர் தாமஸ் ஹார்ட் பென்டன் விடாமல் போராடினார். 1837 ஜனவரி 16 அன்று செனட்டின் செயலர் கையெழுத்து ஏட்டைக் கொண்டுவந்து, பழைய கண்டனத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்து, செனட்டின் உத்தரவுப்படி நீக்கப்பட்டது என்று அதன் குறுக்கே தேதியோடு எழுதினார். தாளைக் கிழிக்கவில்லை. கண்டித்ததும் தெரிகிறது, பின்வாங்கியதும் தெரிகிறது. இங்கிலாந்தில் 1621-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் காமன்ஸ் சபையின் ஏட்டிலிருந்து தனக்குப் பிடிக்காத பக்கத்தைத் தன் கையாலேயே கிழித்தார். அது நீக்கமே அல்ல, அராஜகம்.

கேள்வி (இளம் வழக்கறிஞர், சேலம்): தீர்ப்பில் உள்ள வாசகத்தை நீக்கக் கோருவது எந்த அடிப்படையில்?

உத்தரப் பிரதேச அரசு எதிர் முகமது நயீம் வழக்கைப் படியுங்கள். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஏ.என். முல்லா, எந்தச் சட்டவிரோதக் கும்பலின் குற்றப் பதிவும் இந்தியக் காவல் துறையின் பதிவுக்கு அருகில்கூட வராது என்ற பொருளில் எழுதினார். 1963-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, மூன்று சோதனைகளைத் தந்தது. சம்பந்தப்பட்டவருக்கு விளக்கம் தர வாய்ப்பிருந்ததா? சொன்னதற்கு ஆதாரம் உண்டா? வழக்கை முடிக்க அந்த வாசகம் தேவையா? ஒன்று கவனியுங்கள், நீக்கிய வாசகம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே மேற்கோளாக இன்றும் இருக்கிறது.

கேள்வி (பெயர் வேண்டாம்): தம்பிக்கு 16 வயதில் ஒரு வழக்கு. பதிவு என்றைக்கும் நிற்குமா?

நிற்கத் தேவையில்லை. 'அழித்தல்' என்ற சொல் சரியாகப் பொருந்தும் இடம் இதுதான். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு அல்லது உரிய காலத்துக்குப் பிறகு பதிவுகளை அழிக்க உத்தரவிட வேண்டும். 16 வயது நிறைந்தவரை வயது வந்தவரைப் போல விசாரித்து, மிகக் கொடிய குற்றம் செய்ததாகச் சிறார் நீதிமன்றம் முடிவு செய்த வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வழக்கு முடிந்துவிட்டால் நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல் துறை அதை வெளியிடக் கூடாது என்று பிரிவு 74 சொல்கிறது. வழக்கறிஞரிடம் இந்த இரண்டு பிரிவுகளையும் காட்டுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): எனக்கு வயது வந்த பிறகு வந்த வழக்கு, விடுதலையாகிவிட்டேன். இணையத்தில் தீர்ப்பு என் பெயரோடு நிற்கிறது.

உங்கள் வேதனை புரிகிறது. இதே கோரிக்கையை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வேலை தருபவர் கேட்டால், விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் காட்டுங்கள். நீதிமன்ற நகல் பிரிவில் மனு போட்டு இரண்டு மூன்று பிரதிகளாகவே வாங்கி வையுங்கள்.