கேமரா வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

நானும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலேயே குறும்படம் எடுக்கிறோம். சமையலறையில் அம்மாவும் மகனும் பேசிக்கொள்ளும் 6 நிமிடப் படத்தை அனுப்பியிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் 'கதை நல்லா இருக்கு, ஆனா வீட்டு வீடியோ மாதிரி இருக்கு' என்கிறார்கள். 70,000 ரூபாயில் ஒரு கேமரா பார்த்துவைத்திருக்கிறேன். வாங்கலாமா?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

இப்போது வேண்டாம். படத்தை இரண்டு முறை பார்த்தேன், இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு. அம்மா பேசும்போது மின்விசிறி கடகடக்கிறது. மகனுக்கு கட் ஆனதும் விசிறி அமுங்கி, தெருவில் போகும் பைக் கேட்கிறது. மறுபடி அம்மா, மறுபடி விசிறி. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, வீட்டு வீடியோ என்று சொல்லிவிடுவார்.

விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் அணைத்துவிட்டு எடுங்கள். இன்னொரு போனில் வயர் இயர்போனைச் செருகி, அதன் மைக்கை நடிகரின் சட்டைக்குள் துணி உரசாதபடி ஒட்டிவிடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருந்தால் போதும். இரண்டு பேர் பேசினால் இரண்டு போன். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டுங்கள், எடிட்டிங்கில் ஒலியையும் படத்தையும் பொருத்த அதுதான் அடையாளம். கடைசியில் யாரும் வாய் திறக்காமல் 30 விநாடி அந்த அறையின் அமைதியைப் பதிவுசெய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். காட்சி முழுக்க அதை அடியில் ஓடவிட்டால் கட் ஆவது காதுக்குத் தெரியாது.

ஃபிரிட்ஜை அணைத்ததும் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், திரும்பப் போட மறந்து கிளம்ப முடியாது. பழைய தந்திரம்தான். எனக்கு அது தெரியாத காலத்தில் சித்தி வீட்டில் ஷூட்டிங் வைத்தேன். மறுநாள் காலை இட்லி மாவு புளித்துப் பொங்கி, ஃபிரிட்ஜுக்குள் தட்டு தட்டாக வழிந்திருந்தது. அப்புறம் அந்த வீட்டில் எனக்குக் காபிதான் கிடைத்தது, லொக்கேஷன் கிடைக்கவில்லை.

சரி, படத்திலும் ஒரு கோளாறு உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு கோடாக ஓடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. போன் கேமராவில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்துப் பாருங்கள். எக்ஸ்போஷரையும், அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தின் அளவையும், லாக் செய்துவிடுங்கள். அம்மா ஜன்னலைத் தாண்டும்போது முகம் இருண்டு வெளுப்பது அது தானாக மாறுவதால்தான்.

அப்புறம், மகன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அம்மா சொம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாரே, அந்த ஷாட் எனக்குப் பிடித்திருந்தது. அங்கே எதற்கு வயலின்? தேய்க்கிற சத்தத்தை மட்டும் விட்டுப் பாருங்கள்.