காயலான் கடைக்கு வந்த கனமான உருளை

கேள்வி: ஐயா, வேலூரில் அப்பாவுக்குப் பழைய இரும்புக் கடை. ஏலத்தில் எடுத்த லாட்டோடு ஒரு உருளையும் வந்திருக்கிறது. வாளி அளவுதான், ஆனால் இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. உள்ளே ஈயம் இருக்கும், உடைத்தால் நல்ல விலை போகும் என்கிறார் அப்பா. மேலே மஞ்சள் பெயின்ட்டில் மின்விசிறி இறக்கை மாதிரி ஒரு படம். உடைக்கலாமா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசிவிட்டேன். மற்ற கடைக்காரர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். மஞ்சளில் மூன்று இறக்கை என்றால் கதிர்வீச்சு. அளவுக்கு மீறிய கனம் என்றால் கதிரைத் தடுக்க ஈயமோ அதைவிடக் கனமான உலோகமோ சுற்றியிருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு லாபமாகத் தெரிகிற அதே கனம்தான் எச்சரிக்கை.

கதிர்வீச்சு விபத்து என்றதும் எல்லோரும் அணு உலையைத்தான் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் காயலான் கடையைச் சொல்வேன். 2010-இல் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, 1985-க்குப் பிறகு தொடாமல் கிடந்த ஒரு கருவியை ஏலம் விட்டது. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. மாயாபுரி ஸ்கிராப் சந்தையில் அதைப் பிரித்துப் போட்டார்கள். ஒருவர் அதில் ஒரு துண்டை பர்சில் வைத்து பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டார். அந்த இடத்திலேயே தோல் வெந்துபோனது. வேறொரு தொழிலாளி இறந்துவிட்டார்.

1987-இல் பிரேசில் நாட்டு கோயானியாவில் நடந்தது இன்னும் கொடுமை. கைவிட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து இரண்டு பேர் ஒரு பழைய சிகிச்சை இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றி விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 தூள் இருட்டில் நீலமாக மின்னியது. அழகாக இருக்கிறதே என்று கடைக்காரர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார். ஆறு வயதுப் பெண் குழந்தை தூளைத் தொட்ட கையோடு சாப்பிட்டது. நான்கு பேர் இறந்தார்கள், அந்தக் குழந்தையும் கடைக்காரர் மனைவியும் உட்பட. ‘இது வந்ததிலிருந்துதான் எல்லாருக்கும் உடம்பு சரியில்லை’ என்று சந்தேகப்பட்டு அதைப் பையில் போட்டு, பஸ் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்ததே அந்த அம்மாள்தான். அப்புறம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஸ்டேடியத்துக்கு வரவழைத்துச் சோதித்தார்கள். 249 பேரின் உடம்பில் தூள் பட்டிருந்தது.

இரும்போடு சேர்த்து உருக்கிவிட்டால் கதை இன்னும் நீளும். 1984-இல் அமெரிக்காவில் கம்பி ஏற்றிய ஒரு லாரி வழி தவறி லாஸ் அலமாஸ் அணு ஆய்வுக்கூடத்துப் பக்கம் போக, அங்கே அலாரம் அடித்தது. மெக்சிகோவில் பழைய இரும்போடு போன கோபால்ட்தான் கட்டடக் கம்பியாகி வந்திருந்தது. அந்த லாரி சரியான வழியில் போயிருந்தால்?

என் கதையையும் சொல்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ராத்திரியில் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று கதிரை வைத்துப் படம் எடுப்பது 27 வருஷம் எனக்குப் பிழைப்பு. கருவிக்குக் கேமரா என்று பெயர். உள்ளே இருக்கும் சோர்ஸ், அதாவது கதிரை வீசும் பொருள், இரிடியம்-192. பேனா ரீஃபில் முனை அளவுதான் இருக்கும். ஒரு ராத்திரி படம் எடுத்ததும், வெளியே போன சோர்ஸைக் குழாய் வழியாகக் கேமராவுக்குள் இழுக்கக் கிராங்கைத் திருப்பிச் சுற்றினோம், சுற்றுக் கணக்கும் சரியாக வந்தது. ஹெல்ப்பர் பையன் ஃபிலிமைக் கழற்ற நடந்தான். என் கையிலிருந்த, கதிரை அளக்கும் சர்வே மீட்டரில் முள் இறங்கவே இல்லை. கத்தி நிறுத்தினேன். சோர்ஸ் குழாய் வளைவில் மாட்டிக்கொண்டு வெளியிலேயே இருந்தது. கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிறுத்தி, அதை எடுக்கத் தெரிந்தவர் வந்து முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. ‘எனக்கு ஒண்ணுமே தெரியலையே சார்’ என்றான் பையன். கேஸ் கசிந்தாலாவது மூக்குக்குத் தெரியும்.

அதனால், அடிக்காதீர்கள், வெல்டிங் கட்டரை வைக்காதீர்கள், வேறு இடத்துக்கு நகர்த்தவும் வேண்டாம். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசிதான் வரும். தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். அவர்கள் மூலம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போய்விடும். உங்கள் உருளையை மீட்டர் வைத்துப் பார்த்ததில் வெறும் கூடுதான் என்று தெரிந்ததாமே, நிம்மதி. அப்பா என் மேல் கோபமாக இருப்பதாகக் கேள்வி. இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு தினமும் மெஷினில் கரண்ட் வைக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பாட்டி பக்கத்தில் படுக்க வைக்கலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: தாராளமாக, அம்மா. வேலூர் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தால் வெயிலும் கூடவா வருகிறது? வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் கதிரும் அப்படித்தான், மெஷினை நிறுத்தியதும் தீர்ந்தது. கோயானியாவில் நடந்தது வேறு. அங்கே தூள் உடம்பில் புழுதி மாதிரி ஒட்டிக்கொண்டது, வயிற்றுக்குள்ளும் போனது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடிக்கக் கொடுத்தால் மட்டும் சில நாள் குழந்தையைத் தள்ளி வைக்கச் சொல்வார்கள். எத்தனை நாள் என்று டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். இப்போதைக்கு பேரனைப் பாட்டியிடம் கொடுங்கள், மருந்து மாதிரி வேலை செய்யும்.

கேள்வி: கல்பாக்கத்தில் ஏதாவது ஆனால் தப்பிக்க அயோடின் உப்பு வாங்கி வைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– வாசகர், ஆற்காடு

பதில்: 2011-இல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தபோது சீனாவிலும் இப்படித்தான் உப்பை அள்ளிக்கொண்டு போனார்கள். கணக்குப் போடுங்கள். அணு உலை விபத்தில் தைராய்டைக் காக்கப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம் அயோடின். உப்பில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்றே வைத்தாலும், மூன்று கிலோவுக்கு மேல் ஒரே நாளில் தின்ன வேண்டும். கதிர்வீச்சுக்கு முன்னால் உப்பே ஆளை முடித்துவிடும்.

பயப்பட வேண்டியது பாலுக்கு. செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26-இல் உலை வெடித்து, கதிரியக்க அயோடின்-131 புல்லில் படிந்தது. அதை மாடு மேய்ந்தது, பிள்ளைகள் பாலைக் குடித்தார்கள். அங்கே பிள்ளைகளாக இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2005-க்குள் தைராய்டு புற்றுநோய் வந்தது. அதில் கணிசமான பங்கு அந்தப் பாலால்தான். இத்தனைக்கும் அந்த அயோடின் எட்டே நாளில் பாதியாகக் குறைந்துவிடும். சில வாரம் பாலை நிறுத்தியிருந்தாலே போதும், ஊருக்கு யாரும் உடனே சொல்லவில்லை. 1957-இல் இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது சுற்றுவட்டாரப் பாலை வாங்கிக் கொட்டினார்கள். கல்பாக்கம் வேலூரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். 2004 சுனாமியில் பம்ப் ஹவுஸில் கடல் தண்ணீர் புகுந்தும், ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். ஏதாவது ஆனால் அரசாங்கம் எதைக் குடிக்காதே என்கிறதோ அதைக் குடிக்காதீர்கள். மாத்திரையும் அவர்கள் சொன்னால் மட்டும்தான்.

கேள்வி: இத்தனை வருஷம் அந்த வேலை பார்த்தீர்களே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: முட்டி வலி. கேமரா 20 கிலோவுக்கு மேல், அதைத் தூக்கிக்கொண்டு பாய்லர் ஏணியில் ஏறி இறங்கியது.