மேசைக்கு முன்னால் ஒரு மணை: வீட்டில் தச்சு பழகுவோர் கேள்விகள்

வீட்டுக்கு வேண்டிய மரச்சாமான்களைத் தாமே செய்து பழக விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: மூன்றாம் மாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசையை நானே செய்ய ஆசை. மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கித் தொடங்கலாமா? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: மேசை உங்கள் ஐந்தாவது பொருளாக இருக்கட்டும். முதலில் ஒரு மணை செய்யுங்கள். ஒரு பலகை, அதன் அடியில் குறுக்காக இரண்டு கட்டைகள், அவ்வளவுதான் மணை. ஆனால் அளப்பது, கோடிடுவது, அறுப்பது, இழைப்பது, இணைப்பது ஆகிய எல்லா வேலைகளும் அதில் அடங்கியிருக்கின்றன. கெட்டுப்போனாலும் நட்டம் ஒரு துண்டுப் பலகையோடு முடிந்துவிடும்.

அடுத்து நான்கு கால் ஸ்டூல் ஒன்றைச் செய்யுங்கள். நான்கு கால்களையும் நான்கு சட்டங்களையும் சேர்க்கும்போது எட்டு இடங்களில் ஒரே வகை இணைப்பைச் செய்தாக வேண்டும். முதல் இணைப்பு தளர்வாக இருக்கும், மூன்றாவது கோணலாகப் போகும், எட்டாவதில் கை தானாகப் படியத் தொடங்கியிருக்கும். அந்தப் படிமானம் மறைவதற்குள் அதே அளவில் இரண்டாவது ஸ்டூலையும் செய்துவிட வேண்டும் என்பது நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத பாடம். புதிய பொருளுக்குத் தாவுகிறவர் ஒவ்வொரு முறையும் புதிய தவறுகளையே கற்கிறார். அதே பொருளை மறுபடி செய்பவர்தான் பழைய தவறைத் திருத்தக் கற்கிறார்.

இயந்திரம் இப்போது வேண்டாம். குறிப்பாக, கல் அறுக்கும் கட்டரிலோ கிரைண்டரிலோ மரம் அறுக்கும் பிளேடை மாட்டிப் பயன்படுத்தும் வழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். மரத்தில் பிளேடு சிக்கும் நொடியில் அது கையை மீறித் துள்ளும். ஒரு கை ரம்பம், 6, 12, 25 மில்லிமீட்டர் உளிகள், ஓர் இழைப்புளி, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம், கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியல், தீட்டுக்கல், மரத்தை இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப் ஆகியவை போதும். நம் ஆசாரிகள் தரையில் அமர்ந்து காலால் மரத்தை அழுத்திப் பிடித்தே நுட்பமான வேலைகளைச் செய்கிறார்கள். புதியவர் அதைப் பின்பற்றாமல், மரத்தைக் கனமான பெஞ்சில் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்வதே நல்லது. கீழ்வீட்டாருக்கு ஓசை கேட்காதிருக்க, பெஞ்சின் கால்களுக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பை இடுங்கள்.

கேள்வி: வீட்டில் விழுந்த மாமரத்தை வெட்டி வைத்திருக்கிறோம். அதில் ஸ்டூல் செய்யலாமா, தேக்குதான் வாங்க வேண்டுமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: செய்யலாம், ஆனால் இன்றே அல்ல. மாமரம் எளிதில் பூஞ்சை பிடிக்கும், வண்டும் துளைக்கும். ஆகவே அடிமரத்தை நாள் கடத்தாமல் அறுவை மில்லுக்கு அனுப்பி, 1 அங்குலப் பலகைகளாகவும் 2 அங்குலச் சட்டங்களாகவும் அறுத்து வாங்குங்கள். நடுக்குருத்து உள்ள பகுதி பிளந்துகொள்ளும் என்பதால் அதை ஒதுக்கிவிடுங்கள். பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்தால் வண்டுத் தொல்லை பெரிதும் குறையும். பிறகு மழைபடாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பலகைகளுக்கு இடையே சம கனமுள்ள சிறு குச்சிகளை வைத்து அடுக்கி, இரு முனைகளிலும் பழைய பெயின்டைப் பூசி விடுங்கள். முனைகள் வேகமாகக் காய்ந்து வெடிப்பதை அந்தப் பூச்சு தடுக்கும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் அதற்கு முன்பே காயக்கூடும் என்றாலும் அவசரப்படாதீர்கள்.

அதுவரை பழகுவதற்கு மரவாடியில் ரப்பர் மரமோ வேம்போ வாங்குங்கள். கன அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். 2 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம் 36 அடி நீளம் இருந்தால் அது ஒரு கன அடி. ஒன்றரை அடி உயரமுள்ள ஸ்டூலின் நான்கு கால்களுக்கு 6 அடி, அதாவது கன அடியில் ஆறில் ஒரு பங்குதான் தேவைப்படும். இவ்வளவு சிறிய வேலையைத் தேக்கில் பழகிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை.

கேள்வி: புதிய உளி வாங்கியும் மரம் வெட்டுப்படாமல் பிய்ந்துகொண்டு வருகிறது. மரத்தின் குறையா, என் கையின் குறையா? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டும் இல்லை, உளி தீட்டப்படவில்லை. கடையிலிருந்து வரும் உளி பெரும்பாலும் வேலைக்குத் தயாரான கூர்மையோடு வருவதில்லை. விளக்குக்கு நேரே உளியின் முனையைப் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளிக்கோடு மின்னினால் அங்கே மழுங்கலான பரப்பு இருந்து ஒளியைத் திருப்புகிறது என்று பொருள். கூரான விளிம்பில் அப்படி எதுவும் மின்னாது.

தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் 400 எண் நீர் உப்புத்தாளை நீர் தெளித்து ஒட்டி, முதலில் உளியின் பின்பக்கத்தில் முனையையொட்டிய ஓரங்குலத்தை மட்டும் கண்ணாடிபோலச் சமமாகத் தேயுங்கள். அடுத்து சரிவுப் பக்கத்தை 25 பாகைக் கோணத்தில் வைத்து, பின்பக்கத்தில் விரலால் தடவினால் நுண்ணிய பிசிறு தட்டுப்படும்வரை தேயுங்கள். முனையின் அகலம் முழுவதும் பிசிறு எழுந்தால்தான் அந்தப் படி முடிந்தது. புதியவர்களில் பலர் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு 1000, 2000 எண் தாள்களில் கோணத்தை 30 பாகைக்கு உயர்த்திச் சில இழுப்புகள் மட்டும் கொடுத்து, பழைய தோல் பட்டையில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். மென்மரத் துண்டு ஒன்றின் குறுக்குவெட்டு முகத்தில் அந்த உளியைத் தள்ளினால், தூளாக உதிராமல் மெல்லிய சுருளாக வர வேண்டும். வெட்டிய இடம் மெழுகு தடவியது போலப் பளபளக்கும். அதைக் கண்ட பிறகு மழுங்கிய உளியை நீங்கள் கையில் எடுக்கவே மாட்டீர்கள். வேலையின் நடுவிலும் அரைமணிக்கு ஒருமுறை தோலில் இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்ற கார்த்திகையில் நான் செய்த ஸ்டூலின் மேல்பலகை சித்திரையில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. ஃபெவிகால் தடவி, நான்கு பக்கமும் ஆணி அடித்து உறுதியாகத்தான் செய்திருந்தேன். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அந்த உறுதியே வெடிப்புக்குக் காரணம். மரம் காற்றின் ஈரத்தை வாங்கி உப்புகிறது, வறண்ட காலத்தில் சுருங்குகிறது. மரத்தின் நார்கள் ஓடும் போக்கான இழையோட்டத்தின் நீளவாக்கில் இந்த மாற்றம் பொருட்படுத்தத்தக்கதன்று. அகலவாக்கில் ஓரடிப் பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூட ஏறி இறங்கலாம். அடைமழைக் காலத்தில் ஈரத்தோடு இருந்த பலகை கோடையில் சுருங்க முயன்றபோது, ஆணியும் பசையும் அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டதால் அது நடுவில் விட்டுக்கொடுத்தது. என் முதல் மேசையும் இப்படித்தான் ஒரு சித்திரை இரவில் பட்டாசு வெடித்ததுபோல ஓசையெழுப்பிப் பிளந்தது.

நம் பழைய வீட்டுக் கதவுகளைக் கவனியுங்கள்: சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் பலகை பசையின்றிச் செருகப்பட்டு, அசைய இடம் விட்டு நிற்கும். அதே நியாயத்தை ஸ்டூலுக்கும் பயன்படுத்துங்கள். பலகையைக் கழற்றி, வெடிப்பில் பசை செலுத்தி கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு அடியிலிருந்து திருகாணியால் பொருத்துங்கள். நடுவில் வரும் திருகாணி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். ஓரங்களில் வரும் துளைகளை பலகையின் அகலவாக்கில் நீள்துளையாக்கினால் அது தன் போக்கில் நகர்ந்துகொள்ளும்.

கால்களும் சட்டங்களும் சேரும் இடத்தில் ஆணிக்குப் பதிலாகக் காலில் துளையும், அதற்குள் நுழையும்படி சட்டத்தின் முனையைச் சீவிய கழுந்தும் செய்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அடுத்த ஸ்டூலில் செய்யுங்கள். சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்துக்கு என்பது வழக்கம்; முக்கால் அங்குலச் சட்டமானால் 6 மில்லிமீட்டர் உளியின் அகலத்தையே துளையின் அகலமாகக் கொள்ளலாம். முதலில் துளையை வெட்டிவிட்டு, அதற்கு ஏற்பக் கழுந்தைச் சீவிச் சரிசெய்யுங்கள். ரம்பம் எப்போதும் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில் ஓட வேண்டும். கையழுத்தத்தில் நுழைந்து, தலைகீழாகப் பிடித்தால் கழன்று விழாத கழுந்துதான் சரியானது.

கேள்வி: பன்னிரண்டு வயது மகனும் என்னோடு சேர்ந்து பழக விரும்புகிறான். அனுமதிக்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: தாராளமாக. அளப்பது, கிளாம்ப் போட்ட மரத்தைக் கை ரம்பத்தால் அறுப்பது, உப்புத்தாள் தேய்ப்பது ஆகியவற்றைக் கொடுங்கள். உளியை உங்கள் கண்முன் மட்டும், இரு கைகளும் முனைக்குப் பின்னால் இருக்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். தேய்க்கும்போது இருவரும் என்95 முகக்கவசம் அணிய வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது.

கேள்வி: முடித்த ஸ்டூலுக்கு எந்தப் பூச்சு எளிது? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஆளிவிதை எண்ணெய். 120, 180, 240 எண் உப்புத்தாள்களால் இழையோட்டத்தின் போக்கிலேயே வரிசையாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து எஞ்சியதை முழுவதும் துடைத்தெடுங்கள். காய்ந்த பிறகு இன்னும் இரண்டு முறை இப்படிச் செய்தால் போதும். ஆனால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் காய்கிறபோது வெப்பம் வெளிப்படும்; சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றித் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து, வீட்டுக்கு வெளியே ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள். விறைத்துக் காய்ந்த பிறகே குப்பையில் போடுங்கள்.